வருமான வரி: மதுரை வட்டாரத்துக் குடும்பங்களும் கடைக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்குள்ள கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்றாலும், இந்த ஆண்டு வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். பிரிவு எண்களும் அந்தச் சட்டத்தின் எண்களே.

12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?

வரி இல்லை என்பது வேறு, ரிட்டர்ன் (வருமானக் கணக்குத் தாக்கல்) வேண்டாம் என்பது வேறு. வரி கணக்கிட இரண்டு முறை உண்டு: கழிவுகள் பல உள்ள பழைய முறை, கழிவும் விகிதமும் குறைந்த புதிய முறை. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு மட்டும்தான் வரி கிடையாது. அதற்கு மேல் 8 லட்சம் வரை 5%, 12 வரை 10%, 16 வரை 15%, 20 வரை 20%, 24 வரை 25%, அதற்கும் மேல் 30%. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி தருகிறது, அதனால் கட்டவேண்டியது பூஜ்யமாகிவிடுகிறது. அந்தத் தள்ளுபடியைக் கேட்டு வாங்கும் இடமே ரிட்டர்ன்தான். எனவே வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்தாக வேண்டும்.

சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குபவருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. அவருக்கு 12,75,000 வரை வரி வராது. 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவர் பயப்பட வேண்டாம்: வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் கணக்குப்படி வரி 61,500, ஆனால் கூடுதலாக வந்ததே 10,000தான் என்பதால் வரியும் 10,000 ரூபாயோடு நின்றுவிடும். அதோடு வரியின் மேல் 4% செஸ் என்னும் கூடுதல் தீர்வை 400 ரூபாய்.

ஷேர் வாங்கி விற்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு வருடத்துக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20%, அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் 1,25,000 ரூபாய் போக மீதி லாபத்துக்கு 12.5%. இந்த வரிகளுக்கு 87ஏ தள்ளுபடி இல்லை. மொத்த வருமானம் 9 லட்சம்தானே என்று இருந்துவிட்டு, கடைசியில் வட்டியோடு கட்டுகிறார்கள்.

வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் சிலர் தாக்கல் செய்தே ஆகவேண்டும்: வியாபார விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டியவர், சேமிப்புக் கணக்குகளில் ஆண்டுக்கு 50 லட்சமோ அதற்கு மேலோ போட்டவர், மின்கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர், வரிப் பிடித்தம் (டிடிஎஸ்) 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஆனவர் (60 வயதானவருக்கு 50,000).

பழைய முறையா, புதிய முறையா?

சம்பளம் 12,75,000க்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், புதியது. அதற்கு மேல் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சம்பளம் 15 லட்சம் என்று வையுங்கள். புதிய முறையில் 75,000 கழித்து 14,25,000. வரி 93,750, செஸ்ஸுடன் 97,500. பழைய முறையில் இதே வரிக்கு இறங்க, அங்குள்ள நிலையான கழிவு 50,000 போக இன்னும் 5,43,750 ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் ஒன்றரை லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டம் 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 எல்லாம் சேர்த்தும் 4,25,000தான் வருகிறது. பெரிய வாடகைப்படி இல்லாதவருக்குப் பழைய முறை இந்த இடத்தில் தோற்றுவிடும்.

வாடகைப்படிக் கழிவில் மதுரைக்கு 40% கணக்கு, சென்னைக்குத்தான் 50%. வாங்கிய வாடகைப்படி, கொடுத்த வாடகையில் சம்பளத்தின் 10% போக மீதி, சம்பளத்தின் 40% ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே கழிவு. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் கேட்பார்கள். அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ அப்பா பெயரில் உள்ள வீட்டில் இருந்துகொண்டு அவருக்கு வாடகை கொடுக்கலாம். ஆனால் பணம் வங்கி வழியாக உண்மையிலேயே போக வேண்டும், அவர் அதைத் தன் வருமானத்தில் காட்டவும் வேண்டும்.

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் 80சி-யில் வரும், இரண்டு பிள்ளைகளுக்கு. நன்கொடையும் வேன் கட்டணமும் வராது.

சம்பளக்காரர் ஒவ்வோர் ஆண்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். வியாபாரம் செய்பவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவத்தைக் கெடுவுக்குள் போட வேண்டும். போய்விட்டுப் புதிய முறைக்குத் திரும்பினால், வியாபாரம் நடக்கும்வரை மறுபடி பழையதுக்குப் போக வழியில்லை. கெடு தாண்டி ரிட்டர்ன் போட்டால் இருவருக்கும் புதிய முறை மட்டுமே.

பான்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. ரீஃபண்ட் நிக்குது. என்ன செய்ய?

தமிழ்நாட்டில் இது தனி நோய் என்றே சொல்லலாம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் விண்ணப்பம் இனிஷியலைக் கடைசிப் பெயராக ஏற்காது. அதனால் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஆதாரில் ‘எஸ். முருகன்’, பானில் ‘முருகன் சுப்பிரமணியன்’, வங்கியில் ‘முருகன் எஸ்’. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

செய்யவேண்டிய வரிசை முக்கியம். பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் போன்ற ஆவணங்களில் பெயர் எப்படி இருக்கிறதோ அதை அடிப்படையாக வைத்து, முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். ஆதாரில் இனிஷியலை விரித்து எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு அதே எழுத்துகளோடு பான் திருத்தம். கடைசியாக வங்கிக் கிளையில் கேஒய்சி. இதெல்லாம் முடிந்த பிறகு வரி போர்ட்டலில் வங்கிக் கணக்கை மறுபடி ‘வேலிடேட்’ செய்து, ரீஃபண்டுக்கு இந்தக் கணக்கு என்று குறித்து, ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கேட்க வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும். ஆதாரோடு இணைக்காத பான் செயலற்றுப்போகும். இணைக்க 1,000 ரூபாய் கட்டணம், அதுவரை பிடித்தமும் 20% என்று ஏறும்.

ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

ஏஐஎஸ். போர்ட்டலுக்குள் போனதும் முதலில் திறக்க வேண்டியது அந்த ஆண்டுத் தகவல் அறிக்கைதான். வங்கி வட்டி, பங்கு விற்பனை, பத்திரப் பதிவு, பெரிய ரொக்கச் செலுத்தல் எல்லாம் அதில் இருக்கும். சேமிப்புக் கணக்குகளில் ஆண்டுக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வங்கி தகவல் அனுப்பும், நடப்புக் கணக்குக்கு 50 லட்சம். 30 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்தைப் பதிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து தகவல் போகும். கம்பெனி தரும் சம்பளச் சான்றான ஃபார்ம் 16-ஐ மட்டும் வைத்து ரிட்டர்ன் போட்டவர்களுக்குத்தான் பின்னால் கடிதம் வருகிறது, ஏனென்றால் எஃப்டி வட்டி அதில் இருக்காது.

ஏஐஎஸ்ஸில் உள்ளது தவறாகவும் இருக்கலாம். கூட்டுக் கணக்கின் வட்டி முழுதும் ஒருவர் பெயரில் ஏறியிருக்கும், வேறொருவரின் சொத்து உங்கள் பானில் விழுந்திருக்கும். அந்த வரியின் பக்கத்திலேயே ‘ஃபீட்பேக்’ கொடுக்கும் வசதி உண்டு. கொடுத்ததற்கான ஒப்புகையைச் சேமித்து வையுங்கள்.

ஆண்டு நடுவில் வேலை மாறியவர் இரண்டு ஃபார்ம் 16-ஐயும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு கம்பெனியும் தனித்தனியாக 4 லட்சம் விலக்கும் 75,000 கழிவும் கொடுத்திருக்கும். கூட்டினால் வரி பாக்கி தெரியும்.

அம்மாவுக்கு 68 வயசு. எஃப்டி வட்டியில வங்கி பிடிச்சிட்டாங்க.

60 வயதானவருக்கு ஒரே வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் 10% பிடித்தம், மற்றவர்களுக்கு 50,000. அம்மாவின் மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால் ஏப்ரல் மாதமே ‘பிடிக்க வேண்டாம்’ என்ற 15எச் உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக. இப்போது பிடித்தது போனது அல்ல, ரிட்டர்ன் போட்டால் திரும்பும்.

60க்குக் கீழே உள்ளவருக்கான 15ஜி கொஞ்சம் கறாரானது: வரி பூஜ்யமாக இருந்தால் போதாது, வட்டி வகை வருமானமும் அடிப்படை விலக்கான 4 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அம்மா வாங்குவது குடும்ப ஓய்வூதியம் என்றால் 75,000 கழிவு கிடையாது. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுதான். வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள் முன்வரி (ஆண்டு முடியுமுன்பே கட்டும் வரி) கட்டவேண்டியதில்லை.

சின்ன மளிகைக் கடை. கணக்குப் புத்தகம் கிடையாது. எப்படிக் காட்டுறது?

44ஏடி பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. விற்றுமுதல் 2 கோடிக்குள் (ரொக்க வரவு 5%க்குள் என்றால் 3 கோடி) இருந்தால், வங்கி, யுபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதமும் ரொக்கத்தில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டிவிடலாம். ஆண்டு விற்பனை 60 லட்சம், அதில் 40 லட்சம் யுபிஐ, 20 லட்சம் ரொக்கம் என்றால் 2,40,000 + 1,60,000 = 4 லட்சம். படிவம் ஐடிஆர்-4. வரி பூஜ்யம்.

மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. ஒன்று, 6 சதவீதமும் 8 சதவீதமும் குறைந்தபட்சம். உண்மை லாபம் கூடுதல் என்றால் கூடுதலைத்தான் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 4 லட்சம் லாபம் காட்டிவிட்டு 9 லட்சத்துக்குக் கடன் தவணை கட்டினால் கேள்வி வரும். இரண்டு, கடைக்கு வரும் க்யூஆர் பணமும் வீட்டுப் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்து கிடக்கும். மச்சினன் அனுப்பிய 50,000 ரூபாய் விற்பனையா, கடனா என்று மூன்று வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. கடைக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்வதைவிடப் பயனுள்ள யோசனை இந்தப் பக்கத்தில் வேறு இல்லை. மூன்று, ஜிஎஸ்டியில் காட்டிய விற்றுமுதலும் ஐடிஆரில் காட்டியதும் பொருந்தாமல் போவது. இரண்டு துறைகளும் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன.

இந்த முறையில் சேர்ந்தபின் ஐந்து ஆண்டுக்குள் குறைந்த லாபம் காட்டி வெளியேறினால், அடுத்த ஐந்து ஆண்டு திரும்பி வர முடியாது. வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். வரி வந்தால் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் முன்வரி. கூட்டாளி நிறுவனம் என்றால் பங்காளிக்கான சம்பளத்தையும் வட்டியையும் இந்த லாபத்திலிருந்து மேலும் கழிக்க முடியாது. அதோடு 2025 ஏப்ரல் முதல் பங்காளிக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி, கமிஷன் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10% பிடித்தம் உண்டு. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் பல கடைகள் இதை இன்னும் கவனிக்கவில்லை.

மாட்டுத்தாவணியில கமிஷன் கடை. எனக்கும் 44ஏடி உண்டா?

இல்லை. கமிஷன், தரகு, ஏஜென்சித் தொழிலுக்கு 44ஏடி பொருந்தாது. காய்கறி மண்டி, எல்ஐசி முகவர், நிலத்தரகர் எல்லோரும் வரவு செலவுக் கணக்கு வைத்து ஐடிஆர்-3 போட வேண்டும். ஆனால் சரக்கை நீங்களே விலைக்கு வாங்கி விற்கிறீர்கள் என்றால் அது வியாபாரம், 44ஏடி உண்டு. ஒரே கடையில் இரண்டும் நடந்தால் பில் புத்தகம் இரண்டாக இருக்கட்டும்.

சொந்த லாரி, மினி வேன் பத்து வரை வைத்திருப்பவருக்கு 44ஏஇ: வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் லாபமாகக் கணக்கு, 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000. வண்டி ஓடாமல் நின்ற மாதமும் கணக்கில் சேரும்.

பூ வாங்க விவசாயிக்கு ரொக்கமாத்தான் கொடுக்கணும். 10,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா செலவே கிடையாதாமே?

கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் வியாபாரி ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு ஏற்கப்படாது என்பது பொது விதி. ஆனால் விளைபொருளை விளைவித்தவரிடமே வாங்கும்போது 6டிடி விதி விலக்கு தருகிறது. காலையில் மல்லிகை கொண்டுவரும் விவசாயிக்கு 18,000 ரூபாயைக் கையில் கொடுக்கலாம். அதே மல்லிகையை இன்னொரு வியாபாரியிடம் வாங்கினால் விலக்கு இல்லை. ஆகவே கொள்முதல் சீட்டில் விவசாயியின் பெயர், ஊர், எடை, கிலோ விலை, கையெழுத்து இருக்க வேண்டும். ‘பூ வாங்கியது’ என்று மட்டும் எழுதிய சீட்டு தணிக்கையில் நிற்காது.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே. அதையும் எதுக்குக் காட்டணும்?

விவசாய வருமானம் மட்டும் இருந்தால் வரி இல்லை. வேறு வருமானமும் இருந்தால், விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டியதும் அது மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை மேலே தூக்கும். கணக்கு இப்படி: இரண்டையும் கூட்டி வரி போடுங்கள், விவசாய வருமானத்தோடு 4 லட்சத்தைக் கூட்டி அதற்கு ஒரு வரி போடுங்கள், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள்.

வாடிப்பட்டிப் பக்கம் நெல்லும் தென்னையும் உள்ள ஒருவருக்குக் கடையில் 10 லட்சம், தோட்டத்தில் 5 லட்சம் என்று வைப்போம். 15 லட்சத்துக்கு வரி 1,05,000. 9 லட்சத்துக்கு வரி 30,000. வித்தியாசம் 75,000. கடை வருமானம் 12 லட்சத்துக்குள் என்பதால் தள்ளுபடி உண்டு, ஆனால் அதன் உச்சம் 60,000தான். மீதி 15,000, செஸ்ஸுடன் 15,600 கட்ட வேண்டும். ‘12 லட்சம் வரை இல்லை’ என்ற பேச்சு விவசாயமும் வியாபாரமும் சேர்ந்த வீட்டுக்கு அப்படியே பொருந்தாது.

எது விவசாயம்? நிலத்தில் விளைந்ததை விற்பது, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாங்குவது, நாற்றங்கால் கன்றுகள் எல்லாம் விவசாயம். பால், கோழி, ஆடு, கயிறு திரிப்பது விவசாயம் அல்ல. விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 இரண்டும் பயன்படாது. 5 லட்சத்துக்கு மேல் என்றால் நிலம் உள்ள மாவட்டம், பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதையும் எழுத வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், மண்டிச் சீட்டு கையில் இருக்கட்டும். ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் 12 லட்சம் வந்ததாக எழுதினால் அடங்கலே எதிர்ச்சாட்சியாகிவிடும்.

பூர்வீக நிலத்தை வித்தா வரி உண்டா?

கிராமப்புற விவசாய நிலம் வரிக்குரிய சொத்தே அல்ல; ஒரு ரூபாய் வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதில்தான் வழக்கு. நிலம் இந்தத் தூரங்களுக்கு வெளியே இருக்க வேண்டும்: மக்கள்தொகை 10 லட்சத்துக்கு மேற்பட்ட நகராட்சி எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர், ஒன்று முதல் 10 லட்சம் வரை என்றால் 6, பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை என்றால் 2. மதுரை மாநகராட்சி 2011 கணக்கெடுப்பிலேயே 10 லட்சத்தைத் தாண்டியது, ஆகவே இங்கே 8 கிலோமீட்டர். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிக்கு 2. பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள பேரூராட்சியையும் மறக்க வேண்டாம். தூரம் பஸ் போகும் ரோட்டுத் தூரம் அல்ல, ஆகாய மார்க்கமான நேர்தூரம். ஊர் நடுவிலிருந்து அல்ல, எல்லையிலிருந்து. விற்பதற்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி வையுங்கள். விற்று நாலு வருடம் கழித்துக் கேட்டால் எல்லையே மாறியிருக்கும்.

வட்டத்துக்குள் வந்தால்: நிலம் 2001 ஏப்ரல் 1க்கு முன் குடும்பத்துக்கு வந்தது என்றால் அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுக்கலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அது 2 லட்சம், இப்போது விலை 12 லட்சம் என்று வையுங்கள். பணவீக்கக் கணக்கு இல்லாமல் 10 லட்சத்துக்கு 12.5% = 1,25,000. இந்த ஆண்டுக்கான பணவீக்கக் குறியீடு 376, அதன்படி வாங்கிய விலை 3.76 மடங்காகி 7,52,000; லாபம் 4,48,000; அதற்கு 20% = 89,600. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டிடத்துக்கு இதில் குறைவானதைக் கட்டினால் போதும். விற்ற பணத்தில் இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் 54பி விலக்கு உண்டு, விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டு நீங்களோ பெற்றோரோ விற்ற நிலத்தில் பயிர் செய்திருந்தால். ரிட்டர்ன் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால் பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரண எஃப்டி செல்லாது.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவது இரு பக்கமும் வெட்டும். வழிகாட்டி மதிப்பு பத்திர விலையைவிட 10%க்கு மேல் கூடுதலாக இருந்தால் விற்றவருக்கு வழிகாட்டி மதிப்பே விலை. வாங்கியவருக்கு அந்த வித்தியாசம் வருமானம். 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள மனை, வீட்டை வாங்குபவர் 1% பிடித்து, மாத முடிவிலிருந்து 30 நாளுக்குள் 26கியூபி படிவத்தில் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1% பொருந்தாது, பிடித்தம் மிகக் கூடுதல்; ஆடிட்டரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மொய்ப் பணத்துக்கு வரியா?

கல்யாண மொய்க்கு வரி இல்லை, யார் எவ்வளவு எழுதினாலும். ஆனால் சட்டம் விலக்குக் கொடுப்பது கல்யாணம் ஆகிறவருக்கு. மாப்பிள்ளை, பொண்ணு கைக்கு வந்ததாக மொய் நோட்டில் தலைப்பு இருக்கட்டும், பணமும் அவர்கள் கணக்கிலேயே போகட்டும்.

காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழாவுக்கு அந்த விலக்கு கிடையாது. அங்கே உறவினர் எழுதியதற்கு மட்டும் விலக்கு. மற்றவர்களிடமிருந்து ஆண்டில் வந்தது 50,000 ரூபாய்க்குள் என்றால் பரவாயில்லை. தாண்டினால் முழுத்தொகையும் வருமானம், தாண்டிய பகுதி மட்டுமல்ல.

உறவினர் யார் என்பதில் சட்டத்தின் கணக்கும் நம் ஊர்க் கணக்கும் வேறு. கணவன், மனைவி, உடன்பிறந்தோர், கணவன் மனைவியின் உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், இரு பக்கத்து நேர் முன்னோர், வாரிசுகள், இவர்களின் வாழ்க்கைத் துணைகள். தாய்மாமன் சீர் விலக்கில் வரும். அத்தை மகன், சித்தப்பா மகன், பங்காளி யாரும் வரமாட்டார்கள். இன்னொரு விசித்திரம்: தாய்மாமன் அக்கா மகனுக்குக் கொடுத்தால் விலக்கு, அக்கா மகன் தாய்மாமனுக்குக் கொடுத்தால் விலக்கு இல்லை. வாங்குபவர் பக்கமிருந்துதான் உறவைப் பார்ப்பார்கள்.

மொய் நோட்டை, அல்லது கம்ப்யூட்டரில் பதிந்த பட்டியலை, ஊர் பெயரோடு பத்திரமாக வையுங்கள். விழா முடிந்து 8 லட்சத்தை வங்கியில் போடும்போது கேள்வி வந்தால் அதுதான் பதில்.

மண்டபக்காரரும் சமையல் காண்டிராக்டரும் கவனிக்க வேண்டியது: ஒரே விசேஷத்துக்கு ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, நாலு நாளாகப் பிரித்து வாங்கினாலும் சரி. வாங்கியவருக்கு வாங்கிய அளவுக்கே அபராதம்.

கைமாத்து 20,000 ரூபாய்க்கு மேல வாங்கலாமா?

வாங்கலாம், ரொக்கமாக வாங்கக் கூடாது. பாக்கியோடு சேர்த்து 20,000 ரூபாயை எட்டினால் வங்கி வழிதான். திருப்பிக் கொடுப்பதும் அப்படியே. வீடு, நிலத்துக்கு வாங்கும் அட்வான்ஸுக்கும் இதே விதி. மீறினால் தொகைக்குச் சமமான அபராதம். கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்குமே விவசாய வருமானம் மட்டும் இருந்து வரிக்குரிய வருமானம் இல்லையென்றால் விலக்கு உண்டு.

மனைவி பேர்ல எஃப்டி போட்டா வரி குறையுமா?

உங்கள் பணம் என்றால் குறையாது. அந்த வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும். அந்த வட்டியை அவர் மறுபடி போட்டு வரும் வட்டி மட்டும் அவருடையது. அவர் சீதனமாகக் கொண்டுவந்தது, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டோ தையல் தைத்தோ சம்பாதித்தது எல்லாம் அவர் வருமானமே.

நகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 என்பது சோதனையின்போது பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994இல் அதிகாரிகளுக்குச் சொன்ன அளவு. வைத்திருக்கும் உச்சவரம்பு அல்ல. கணக்குக் காட்ட முடிந்தால் எவ்வளவும் வைத்திருக்கலாம்.

கமிஷன் கொடுத்தா முழு ரீஃபண்டும் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு.

வேண்டாம். அவர் செய்வது, கொடுக்காத அரசியல் நன்கொடையையும் இல்லாத வாடகையையும் எழுதுவதுதான். பணம் முதலில் வந்துவிடும், அதனால்தான் நம்பிக்கை பிறக்கிறது. பிறகு கேள்வி வரும்போது அவர் இருக்கமாட்டார். ரிட்டர்ன் உங்கள் ஓடிபி-யில் போனது. வரி, வட்டி, அதோடு தவறான தகவலுக்கு வரியின் 200% அபராதம். ஏற்கனவே இப்படிப் போட்டுவிட்டவர், நோட்டீஸ் வருவதற்கு முன் திருத்திய ரிட்டர்னோ, கெடு போனபின் போடும் ஐடிஆர்-யு ரிட்டர்னோ போட்டுவிடுவது நல்லது.

நோட்டீஸ் வந்திருக்கு. பயமா இருக்கு.

முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள். 143(1) என்றால் நோட்டீஸ் அல்ல, உங்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட அறிவிப்பு. எந்த வரியில் வித்தியாசம் என்று பாருங்கள். பெரும்பாலும் பிடித்தமோ கழிவோதான். 139(9) என்றால் படிவத்தில் குறை. 15 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் ரிட்டர்னே போடாததாகிவிடும். 142(1), 143(2), 148 என்றால் தனியாகச் சமாளிக்க வேண்டாம், ஆடிட்டரிடம் போங்கள். உண்மையான கடிதத்தில் டின் என்ற ஆவண எண் இருக்கும், போர்ட்டலிலேயே சரிபார்க்கலாம். ஓடிபி, கார்டு எண் கேட்கும் குறுஞ்செய்தி மோசடி. பதில்கள் எல்லாம் இப்போது ஆன்லைனில்தான். பான் அதிகார வரம்பு போன்றவற்றுக்கு பீ.பீ.குளம் அலுவலகத்துக்கு நேரில் போகலாம்.

கெடு தாண்டிருச்சு. இனி என்ன?

சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. வியாபாரிகள் அந்தந்த ஆண்டுக்கான தேதியைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் டிசம்பர் 31 வரை போடலாம், 5,000 ரூபாய் கட்டணத்தோடு. மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. வரி பாக்கிக்கு மாதம் 1% வட்டி. பங்கு, வியாபார நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. டிசம்பரும் போனால் ஐடிஆர்-யு, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டுவரை. கூடுதல் வரி ஆண்டுவாரியாக 25%, 50%, 60%, 70%. ஐடிஆர்-யு-வில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

போட்டபின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். இதை மறந்தவரின் ரிட்டர்ன் போடாத கணக்கில் கிடக்கும். ஆதாரில் மொபைல் எண் இல்லாதவர் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் நீல மையில் கையெழுத்திட்டு, பெங்களூரு மையத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்.